அலுமினிய நுரை மோதலை எப்படி வாங்கிக்கொள்கிறது: சோதிக்கவும் கணக்கிடவும் பொருத்தவும் ஒரு வழிகாட்டி

இருசக்கர வாகன ஹெல்மெட்டின் உள்ளே தெர்மாகோல் அடுக்கு ஒன்று இருக்கும். கெட்டியான வெளி ஓடுதான் தலையைக் காப்பாற்றுகிறது என்று பலரும் நினைக்கிறோம். ஓடு அடியைப் பரப்பிவிடும், கூரான பொருள் உள்ளே நுழையாமல் தடுக்கும். ஆனால் மோதலின் ஆற்றலில் பெரும்பகுதியை நசுங்கி வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மாகோல்தான். இதே வேலையை இன்னும் பெரிய விசையில், எளிதில் தீப்பிடிக்காத பொருளைக் கொண்டு செய்ய வேண்டிய இடங்களில் உலோக நுரை வருகிறது. வாகனத்தின் முன்பகுதி, லிஃப்ட் குழியின் அடித்தளம், வானத்திலிருந்து இறக்கப்படும் சரக்குப் பெட்டியின் அடிப்பாகம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

உலோக நுரைத் துண்டை முதன்முதலாகக் கையில் எடுத்திருக்கும் பொறியியல் மாணவருக்கும், சிறு நிறுவனத்தில் வடிவமைப்பு செய்பவருக்கும் இந்தக் கட்டுரை பயன்படும். அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: நுரை எவ்வளவு தாங்கும் என்று கேட்டு வாங்காதீர்கள். எந்த விசையில் விட்டுக்கொடுக்கும், அந்த விசையிலேயே எவ்வளவு தூரம் நசுங்கிக்கொண்டே போகும் என்று கேளுங்கள். கீழே வரும் படிகளெல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடும் வழிகள்.

கையில் இருப்பது எந்த வகை?

உலோகத்தை நுரைக்க வைக்கும் யோசனை பழையது. உருகிய அலுமினியத்தில் பாதரசத்தை ஆவியாக்கி நுரை செய்யும் முறைக்கு 1948இலேயே அமெரிக்காவில் பெஞ்சமின் சோஸ்னிக் காப்புரிமை பெற்றார். பாதரச ஆவியை யாரும் இன்று நெருங்க விரும்பமாட்டார்கள். இப்போது சந்தையில் கிடைப்பவை வேறு வழிகளில் வருகின்றன.

ஜப்பானின் ஷின்கோ ஒயர் நிறுவனம் உருவாக்கிய அல்போராஸ் முறையில், உருகிய அலுமினியத்தில் சுமார் 1.5 சதவீதம் கால்சியம் சேர்த்துக் கலக்கிக் குழம்பைக் கெட்டியாக்குவார்கள். பிறகு சுமார் 1.6 சதவீதம் டைட்டானியம் ஹைட்ரைடு தூளைப் போடுவார்கள். சூட்டில் அந்தத் தூள் ஹைட்ரஜனை வெளியிட, குழம்பு பொங்கி நுரையாகும். கனடாவின் சைமேட் நிறுவன முறையில், பீங்கான் துகள் கலந்த உருகிய அலுமினியத்துக்குள் வாயுவை ஊதுகிறார்கள். ஜெர்மனியின் பிரெமன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் வளர்ந்த இன்னொரு முறையில், அலுமினியத் தூளையும் டைட்டானியம் ஹைட்ரைடையும் சேர்த்து இறுக்கி, அச்சுக்குள் வைத்துச் சூடாக்குகிறார்கள். இதில் வேண்டிய வடிவத்திலேயே நுரை கிடைக்கும், மேலே தோலும் இருக்கும். இந்த மூன்றும் மூடிய அறைகள், அதாவது நாற்புறமும் சுவர் சூழ்ந்த வாயுக் குமிழிகள், கொண்ட நுரைகள். டுவோசெல் போன்ற திறந்த அறை நுரைகளில் சுவர் கிடையாது. கம்பி வலை போன்ற சட்டம் மட்டும்தான் இருக்கும். வெப்பம் கடத்தவும் வடிகட்டவும் அவை நல்லவை, மோதலுக்கு அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் நீங்களே செய்து பார்க்க ஆசைப்பட்டால் ஹைட்ரைடு பக்கம் போக வேண்டாம். உருகிய உலோகமும் ஹைட்ரஜனும் சேரும் இடம் பயிற்சி பெற்றவர்களுக்கானது. கல் உப்புப் படுகைக்குள் உருகிய அலுமினியத்தை அழுத்தி இறக்கி, உறைந்த பிறகு உப்பைத் தண்ணீரில் கரைத்தெடுக்கும் முறை ஒப்பளவில் எளிது. அதையும் சரியான உலையும் பாதுகாப்பு உடையும் உள்ள இடத்தில், தெரிந்தவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். உப்பைத் துளி ஈரமும் இல்லாமல் காய வைக்காமல் உருகிய உலோகத்தை ஊற்றினால் ஈரம் ஆவியாகி உலோகம் வெடித்துத் தெறிக்கும். உள்ளே உப்பு மிச்சமிருந்தால் சில வாரங்களில் அரிப்பு தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கீழே வரும் எண்களெல்லாம் ஒரே பொருளுக்கானவை: கன சென்டிமீட்டருக்கு 0.25 கிராம் அடர்த்தியும், சராசரியாக 4 முதல் 5 மி.மீ. அகல அறைகளும் கொண்ட மூடிய அறை அலுமினிய நுரை. திட அலுமினியத்தின் அடர்த்தி 2.7. ஆக, இந்த நுரையில் உலோகம் இருப்பது சுமார் 9 சதவீத இடத்தில்தான். இந்த விகிதத்தைச் சார்படர்த்தி என்பார்கள். நுரையைப் பற்றி ஒரே ஒரு எண்தான் கேட்கலாம் என்றால் இதைக் கேளுங்கள்.

நசுங்கும்போது உள்ளே நடப்பது

50 மி.மீ. கனசதுரம் ஒன்றை அமுக்கும் இயந்திரத்தின் தட்டுகளுக்கு நடுவே வைக்கிறோம். எடை 31 கிராம்தான். மெதுவாக அமுக்கத் தொடங்குகிறோம். முதலில் விசை மளமளவென்று ஏறும். உயரத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைந்திருக்காது. அப்புறம் ஒரு கட்டத்தில் ஏற்றம் நின்றுவிடும். இந்த நுரைக்கு அது சுமார் 1.5 மெகாபாஸ்கல், அதாவது நம் துண்டுக்கு 3.75 கிலோநியூட்டன். ஏறத்தாழ 380 கிலோ எடையை அந்த 31 கிராம் தாங்கி நிற்கிறது.

இந்த இடத்தில் துண்டின் பக்கவாட்டைக் கூர்ந்து பாருங்கள். முழுத் துண்டும் சீராகக் குறுகுவதில்லை. எங்கே சுவர் மெலிந்தோ வளைந்தோ இருக்கிறதோ, அங்கே ஒரு வரிசை அறைகள் மட்டும் மடியும். ஓரிரண்டு அறை உயரமுள்ள ஒரு பட்டை, சற்றே கோணலாக, துண்டின் குறுக்கே ஓடும். அதற்கு மேலும் கீழும் உள்ள அறைகளுக்குக் கிட்டத்தட்ட எதுவுமே ஆகியிருக்காது. மார்க்கர் பேனாவால் பக்கவாட்டில் 5 மி.மீ. இடைவெளியில் கிடைக்கோடுகள் போட்டு வைத்தால் இது வெறும் கண்ணுக்கே தெரியும். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும், மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். மடிந்த வரிசையில் சுவர்கள் ஒன்றோடொன்று முட்டியதும் அந்த வரிசை கெட்டியாகிவிடும். அப்போது அடுத்து எது பலவீனமோ அது மடியத் தொடங்கும். இப்படி வரிசை வரிசையாக மடிவதால்தான் விசை ஏறாமல் ஒரே மட்டத்தில் ஓடுகிறது.

ஆற்றல் போவது அறைச் சுவர்களுக்குள்தான். ஒவ்வொரு சுவரும் மடியும் இடத்தில் உலோகம் மீளாத அளவுக்கு வளைகிறது. அந்த வளைவுக்குச் செலவான வேலை வெப்பமாகிவிடுகிறது. எவ்வளவு வெப்பம்? 55 சதவீதம் நசுங்கும்வரை கணக்கிட்டால், முழுத் துண்டின் வெப்பநிலை 3 முதல் 4 டிகிரி உயரும், அவ்வளவுதான். கை வைத்தால்கூடப் பெரிதாகத் தெரியாது. ஸ்பிரிங் என்றால் வாங்கியதைத் திருப்பித் தள்ளும். நுரையோ மிகச் சிறு பங்கை மட்டுமே திருப்பித் தருகிறது. மோதிய பொருள் துள்ளி எழாததற்கு இதுதான் காரணம்.

மூடிய அறைக்குள் சிக்கிய காற்றும் அழுத்தப்படுமே என்று கேட்கலாம். படும். ஆனால் துண்டு பாதி நசுங்கும்போதுகூட அதன் பங்கு அதிகபட்சம் 0.12 மெகாபாஸ்கல்தான். சுவர்கள் கிழிந்து காற்று கசிந்துவிட்டால் அதுவும் இருக்காது. தெர்மாகோலிலும் ரப்பர் நுரையிலும் காற்றின் பங்கு பெரியது, அலுமினிய நுரையில் அதை ஒதுக்கிவிடலாம்.

மடிய வரிசைகள் தீர்ந்துபோனதும் விசை செங்குத்தாக ஏறத் தொடங்கும். சுவர்கள் எல்லாம் ஒன்றையொன்று தொட்டுவிட்டன, இனிமேல் நசுக்குவது நுரையை அல்ல, உலோகத்தை. இதை இறுகும் கட்டம் என்போம். பாதுகாப்பு வடிவமைப்பில் அந்தக் கட்டத்துக்குள் போகவே கூடாது.

ஒரு ஒப்பீடு போதும், நுரையின் பயன் புரிந்துவிடும். அதே 31 கிராம் அலுமினியத்தை 50 மி.மீ. சதுரத் தகடாக வார்த்தால் தடிமன் 4.6 மி.மீ. வரும். அந்தத் தகடு விட்டுக்கொடுக்கத் தொடங்குவதற்கே, 100 மெகாபாஸ்கலில் விட்டுக்கொடுக்கும் அலுமினியம் என்று வைத்தாலும், 250 கிலோநியூட்டன் அளவில் விசை வேண்டும். அவ்வளவு விசையை அதன் பின்னால் இருக்கும் மனிதரோ கருவியோ தாங்கமாட்டார். உலோகம் அதேதான், எடையும் அதேதான். 50 மி.மீ. உயரத்துக்கு விரிந்து நிற்பதால்தான் 3.75 கிலோநியூட்டனிலேயே மடிகிறது.

படி 1: அடர்த்தியை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

வாங்கிய பலகையில் ஒட்டியிருக்கும் அடர்த்தி எண் முழுப் பலகைக்கான சராசரி. நுரை உறைவதற்குள் உருகிய உலோகம் கீழே வடியும். அதனால் பலகையின் அடிப்பக்கம் கனமாகவும் நடுப்பகுதி லேசாகவும் இருப்பது சகஜம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள், வெர்னியரால் மூன்று பக்கமும் அளந்து கன அளவால் வகுங்கள், எண்ணைத் துண்டின் மேலேயே எழுதிவையுங்கள். எந்தப் பக்கம் வார்ப்பின்போது மேலே இருந்தது என்று அம்புக்குறியும் போடுங்கள்.

இதில் ஏன் இத்தனை கவனம் என்றால், நுரை மடியும் தகைவு, அதாவது பரப்பால் வகுத்த விசை, அடர்த்தியோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை. நுரைப் பொருள்களை ஆராய்ந்த கிப்சன், ஆஷ்பி இருவரும் தந்த விதிப்படி, அது சார்படர்த்தியின் 1.5 அடுக்குக்கு ஏற்ப மாறும். அடர்த்தி இரட்டித்தால் தகைவு சுமார் 2.8 மடங்காகும். அடர்த்தியில் 10 சதவீத வேறுபாடு தகைவில் 15 சதவீத வேறுபாடாக வெளிப்படும். ஒரே பலகையிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள் ஏன் வேறு வேறு விடை தருகின்றன என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் எடை போடாமல் விட்டவர்கள்தான்.

படி 2: வெட்டுவது

துண்டின் ஒவ்வொரு பக்கமும் சராசரி அறை அகலத்தைப்போல் 10 மடங்காவது இருக்க வேண்டும். நுரைகளை அமுக்கிச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 13314 தரநிலை இதைத்தான் கேட்கிறது. 4.5 மி.மீ. அறை என்றால் 45 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதனால்தான் 50 மி.மீ. துண்டு எடுத்தோம். சிறிய துண்டில் ஓரத்தில் வெட்டுப்பட்ட அறைகளின் பங்கு கூடிவிடும். அவற்றுக்குச் சுவர் ஒரு பக்கம் இல்லை, சுமை தாங்காது, விடை குறைத்துக் காட்டும். உயரம் அகலத்தைப்போல் ஒன்று முதல் இரண்டு மடங்குக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் துண்டு நசுங்காமல் சாய்ந்துவிடும்.

வெட்டுவதற்கு ஒயர்கட் இயந்திரம் (மெல்லிய கம்பியின் மின்பொறியால் வெட்டுவது) கிடைத்தால் அதுவே நல்லது. சுவர்களை இழுக்காமல், வளைக்காமல் வெட்டும். பேண்ட்சாவில் வெட்டினால் பல் நெருக்கமான பிளேடு போட்டு, மெதுவாகத் தள்ளுங்கள். வைஸில் இறுக்கிப் பிடிக்கவே கூடாது. பிடித்த தடத்தில் ஒரு வரிசை அறைகள் முன்கூட்டியே மடிந்துவிடும், அங்கேதான் சோதனையும் தொடங்கும். எந்த முறையில் வெட்டினாலும் தண்ணீரோ எண்ணெயோ அறைகளுக்குள் போயிருக்கும். அடுப்பில் உலர்த்திய பிறகே எடை போடுங்கள்.

படி 3: மெதுவாக நசுக்குவது

கல்லூரிகளில் இருக்கும் பெரிய யூ.டி.எம். (பொருளை இழுத்தும் அமுக்கியும் சோதிக்கும் இயந்திரம்) பலவும் இரும்புக் கம்பியை இழுப்பதற்காக வாங்கியவை. அவற்றின் லோட் செல்லுக்கு, அதாவது விசையை அளக்கும் உணரிக்கு, 4 கிலோநியூட்டன் என்பது அடிமட்டத்தில் கிடக்கும் ஒரு அளவு, துல்லியம் கிடைக்காது. 50 கிலோநியூட்டன் லோட் செல் உள்ள இயந்திரமாகப் பாருங்கள். தட்டுகள் இரண்டும் இணையாக இருக்க வேண்டும், துண்டைவிட அகலமாக இருக்க வேண்டும்.

வேகம் நிமிடத்துக்கு 3 மி.மீ. வையுங்கள். 50 மி.மீ. துண்டுக்கு இது நொடிக்கு 0.001 என்ற திரிபு வேகம், அதாவது நொடிக்கு உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நசுங்கும். 40 மி.மீ. நசுக்கக் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன் இயந்திரத்தில் நிறுத்தும் எல்லை ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். 25 கிலோநியூட்டன் சரியாக இருக்கும். இறுகும் கட்டத்தில் விசை ஏறும் வேகத்தைப் பார்த்துக் கையால் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தால் லோட் செல்தான் பலியாகும்.

சோதனை நடக்கும்போது ஒரு கேமராவை நேராக நிறுத்திப் படம்பிடியுங்கள், சத்தத்தையும் கவனியுங்கள். தூய அலுமினியத்துக்கு நெருக்கமான நுரை அமைதியாக மடியும். சிலிக்கான் அதிகமுள்ள கலவையோ பீங்கான் துகள் கலந்த நுரையோ சடசடவென்று உடையும், ஓரத்திலிருந்து துணுக்குகள் உதிரும், வளைகோடு ரம்பப்பல்போல் ஏறி இறங்கும். சராசரி விசை ஒன்றாகவே இருந்தாலும் நான் முதல் வகையைத்தான் தேர்ந்தெடுப்பேன். உடையும் நுரையின் ஓரங்கள் உதிர்ந்துவிட்டால் பரப்பு குறைகிறது, இரண்டாவது அடிக்கு மிச்சம் இருப்பது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. கண் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அருகில் நிற்கவும் வேண்டாம்.

குறைந்தது 3 துண்டுகள், முடிந்தால் 5, இப்படிச் செய்யுங்கள். பலகையின் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்தவையாக இருக்கட்டும்.

படி 4: வளைகோட்டைப் படிப்பது

விசையைத் துண்டின் ஆரம்பப் பரப்பால் வகுத்தால் தகைவு. நசுங்கிய தூரத்தை ஆரம்ப உயரத்தால் வகுத்தால் திரிபு. திட உலோகத்தை அமுக்கினால் பக்கவாட்டில் உப்பும், பரப்பு மாறும். நுரை தனக்குள்ளேயே மடிவதால் அப்படி உப்புவதில்லை. எனவே ஆரம்பப் பரப்பையே கடைசிவரை பயன்படுத்தலாம்.

எக்செல்லில் இரண்டு நெடுவரிசைகளாக இவற்றைப் போட்டு வரைந்தால் மூன்று பகுதிகள் தெரியும்: ஏற்றம், சமதளம், மறுபடியும் ஏற்றம். முதல் ஏற்றத்தின் சாய்வை வைத்து நுரையின் விறைப்பைக் கணக்கிடாதீர்கள். அந்த ஏற்றத்துக்குள்ளேயே சில சுவர்கள் மடியத் தொடங்கியிருக்கும், அதனால் சாய்வு குறைவாகத்தான் தெரியும். விறைப்பு வேண்டுமானால் நடுவில் ஒருமுறை சுமையை இறக்கி, மீண்டும் ஏற்றி, அந்தக் கோட்டின் சாய்வை எடுக்க வேண்டும். மோதல் வேலைக்கு அது அவ்வளவு முக்கியமும் இல்லை.

முக்கியமானது சமதளத் தகைவு. திரிபு 0.2இலிருந்து 0.4 வரை உள்ள தகைவுகளின் சராசரியை எடுங்கள், அதுதான். நம் நுரைக்கு 1.5 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். தகைவு இதைப்போல் 1.3 மடங்காகும் இடத்தில் சமதளம் முடிந்தது என்று தரநிலை சொல்கிறது.

ஆற்றல் என்பது வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. அடுத்தடுத்த இரண்டு தகைவுகளின் சராசரியை அவற்றின் திரிபு வேறுபாட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். மெகாபாஸ்கலில் தகைவு இருந்தால் விடை கன மீட்டருக்கு இத்தனை மெகாஜூல் என்று வரும். பாதி உயரம் நசுங்கும்வரை நம் நுரைக்குச் சுமார் 0.75 மெகாஜூல். 50 மி.மீ. துண்டுக்கு மாற்றினால் 94 ஜூல். ஒரு கிலோ எடை ஒன்பதரை மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது கொண்டுவரும் ஆற்றல் அது.

இன்னொரு நெடுவரிசையும் சேருங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஒவ்வொரு புள்ளியிலும், அதுவரை வாங்கிய ஆற்றலை அந்த இடத்துத் தகைவால் வகுங்கள். வரும் எண்ணைத் திறன் என்று கொள்ளலாம். சமதளம் நீளும்வரை அது ஏறிக்கொண்டே இருக்கும். இறுகத் தொடங்கியதும், ஆற்றலைவிடத் தகைவு வேகமாக ஏறுவதால், இறங்கத் தொடங்கும். உச்சி எந்தத் திரிபில் வருகிறதோ அதுதான் இந்த நுரையைப் பயன்படுத்தக்கூடிய எல்லை. சார்படர்த்தியை வைத்துப் போடும் சூத்திரம் நம் நுரைக்கு 0.87 என்று சொல்லும். உண்மையான துண்டுகளில் சுவர் தடிமன் சீராக இல்லாததால் அதற்கு வெகு முன்பே தகைவு ஏறத் தொடங்கிவிடும். நான் வடிவமைப்புக்கு 0.55ஐத் தாண்டமாட்டேன். உங்கள் துண்டுகளின் உச்சி 0.6 என்று காட்டினாலும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

படி 5: அளவைக் கணக்கிடுவது

100 கிலோ பெட்டி 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. உள்ளே இருக்கும் கருவி 40 ஜி வரை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 40 மடங்கு வரை, தாங்கும். அடியில் எவ்வளவு நுரை வைக்க வேண்டும்?

ஆற்றலைக் கணக்கிடுவோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 1,962 ஜூல். தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 6.3 மீட்டர்.

அடுத்து விசை. 40 ஜி என்றால் சுமார் 39 கிலோநியூட்டன், அதோடு பெட்டியின் சொந்த எடை 1 கிலோநியூட்டன். ஆக, நுரை தரும் விசை 40 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. இதை 1.5 மெகாபாஸ்கலால் வகுத்தால் பரப்பு கிடைக்கும். 160 மி.மீ. சதுரம் எடுத்துக்கொண்டால் விசை 38.4 கிலோநியூட்டன், எதிர்முடுக்கம் 38 ஜி. எல்லைக்கு உள்ளேதான், ஆனால் இடைவெளி குறைவு. உங்கள் துண்டுகளில் தகைவு 10 சதவீதம் கூடுதலாக வந்த ஒன்று இருந்தால் 150 மி.மீ. சதுரத்துக்கு இறங்கி, தடிமனைக் கூட்ட வேண்டும். இந்தக் கணக்குக்கு 160ஐயே வைத்துக்கொள்கிறேன்.

கடைசியாகத் தூரம். நசுங்கும்போதும் பெட்டி கீழே இறங்கிக்கொண்டிருப்பதால் 38.4இலிருந்து சொந்த எடையைக் கழித்து, ஆற்றலை அதால் வகுக்க வேண்டும். 52 மி.மீ. வரும். இது நசுங்கும் தூரம்தான், நுரையின் தடிமன் அல்ல. 0.55ஆல் வகுத்தால் 95. 100 மி.மீ. தடிமன் வையுங்கள். 160க்கு 160க்கு 100: நுரையின் மொத்த எடை 640 கிராம். 100 கிலோ பெட்டியை அது ஏறத்தாழ ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்திவிடும்.

சரி, தடிமனைக் குறைக்க இன்னும் வலுவான நுரை போட்டால் என்ன? 6 மெகாபாஸ்கல் நுரையை அதே பரப்பில் வைத்தால் 13 மி.மீ. நசுங்குவதோடு பெட்டி நின்றுவிடும். ஆனால் விசை 154 கிலோநியூட்டன், எதிர்முடுக்கம் 150 ஜியைத் தாண்டும். நுரை பத்திரமாக இருக்கும், கருவி போய்விடும். மென்மையாக இருக்கட்டும் என்று 0.3 மெகாபாஸ்கல் நுரை போட்டாலும் ஆபத்துதான். 70 மி.மீ. நசுங்கியும் அது வாங்குவது 540 ஜூல்தான். மீதி 1,400 ஜூலுக்கு மேல் இறுகிய நுரைமீது இறங்கும், விசை கட்டுக்கடங்காமல் ஏறும். புதியவர்கள் அதிகம் விழும் குழி இந்த இரண்டாவதுதான். மென்மை என்றால் பாதுகாப்பு என்று மனம் நம்பிவிடுகிறது.

எதிர்முடுக்க எல்லையும் மோதும் வேகமும் முடிவாகிவிட்டால் நிறுத்தும் தூரமும் முடிவாகிவிட்டது. எந்த நுரையும், எந்த விலையிலும், அதைக் குறைத்துத் தராது. 100 மி.மீ. இடம் இல்லை, 40தான் இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், பொருளை மாற்றிப் பயனில்லை. தாங்கும் எல்லையை உயர்த்த வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நுரையின் இன்னொரு குணத்தையும் இங்கே கவனிக்கலாம். பெட்டி அரை மீட்டரிலிருந்து விழுந்தாலும் கருவி உணரும் விசை அதே 38 கிலோநியூட்டன்தான். நசுங்கும் தூரம் மட்டும் கால் பங்காகும். நிலவில் இறங்கிய அப்போலோ கலங்களின் கால்களுக்குள் நசுங்கும் அலுமினியத் தேன்கூட்டு அடுக்கு இருந்தது. வடிவம் வேறு, தத்துவம் இதேதான். அப்போலோ 11 மிக மெதுவாகத் தரை தொட்டதால் அந்தக் கால்கள் அதிகம் குறுகவில்லை, ஏணியின் கடைசிப் படி தரையிலிருந்து உயரத்திலேயே நின்றது. மிக மோசமான இறக்கத்துக்காகச் செய்த ஏற்பாடு நல்ல இறக்கத்தில் பயன்படாமல் மிஞ்சுவது இயல்பு. அதைப் பார்த்து அடுத்த முறை தடிமனைக் குறைத்துவிடக் கூடாது.

படி 6: வேகம் விடையை மாற்றுமா?

மெதுவாக நசுக்கிப் பெற்ற எண்ணை மோதலுக்குப் பயன்படுத்தலாமா என்பது நியாயமான சந்தேகம். நொடிக்கு 6 மீட்டர் என்றால் அலுமினிய நுரைக்குத் தயங்காமல் பயன்படுத்தலாம். அலுமினியம் வேகத்துக்கு அதிகம் மசியாத உலோகம்.

வேகம் கூடக்கூட வேறொன்று நுழைகிறது. அடிபட்ட முகத்திலிருந்து வரிசைகள் ஒரு அலையாக மடியத் தொடங்கும். அசையாமல் இருந்த நுரையை அந்த அலை திடீரென வேகம் பெறவைக்கிறது, அதற்கும் விசை வேண்டும். இந்தக் கூடுதல் தகைவைக் கணக்கிட, அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இறுகும் திரிபால் வகுக்க வேண்டும். இறுகும் திரிபை 0.8 என்று வைத்தால், மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் இது 0.07 மெகாபாஸ்கல்தான். கவலையில்லை. நொடிக்கு 100 மீட்டரில் 3.1 மெகாபாஸ்கல், சமதளத் தகைவைப்போல் இரண்டு மடங்கு. அந்த நிலையில் முன்முகத்தில் விசை எகிறினாலும், அலை பின்முகத்தை எட்டும்வரை பின்னால் இருப்பவருக்குப் போவது சமதளத் தகைவு மட்டுமே. சாலை, ரயில், சரக்கு வேலைகளில் இந்த அளவு வேகம் வராது.

குண்டுவெடிப்புப் பாதுகாப்புக்கு நுரைப் பலகை ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்தக் கட்டுரையை வைத்து அதைச் செய்யாதீர்கள். நார்வே ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட சோதனைகளில், நுரைப் பலகை ஒட்டிய பிறகு பின்னால் போன உந்தம் குறையாமல் கூடியது. அது தனித் துறை.

படி 7: பொருத்துவது

நுரையின் மேல் நேரடியாகக் கூரான பொருள் இறங்கினால் அந்த இடம் மட்டும் குழியும், மற்ற பரப்பு சும்மா இருக்கும். மேலே 2 அல்லது 3 மி.மீ. அலுமினியத் தகட்டை எபாக்ஸியால் ஒட்டி விசையைப் பரப்புங்கள். நுரைக்குள் துளை போட்டு போல்ட் இறுக்கினால் சுவர்கள் அங்கேயே மடிந்துவிடும், போல்ட்டைத் தகட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இழுவிசையையும் வளைவையும் நுரையிடம் விடக் கூடாது, அங்கே அது பிஸ்கட்போல் விண்டுபோகும்.

எல்லா இடத்துக்கும் நுரைதான் சரி என்றும் இல்லை. மோதல் எப்போதும் ஒரே திசையில், நேராக வரும் என்றால், மடிப்பு மடிப்பாக நசுங்கும் சாதாரண அலுமினியக் குழாய் எடைக்கு எடை நுரையை மிஞ்சும், மலிவும்கூட. மோதல் எந்தக் கோணத்திலும் வரலாம் என்ற இடத்தில்தான் நுரை ஜெயிக்கிறது, எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி மடியும் என்பதால். குழாய்க்குள் நுரையை நிரப்பினால் இரண்டின் கூட்டுத் தொகையைவிடச் சற்று அதிகமாகவே விசை கிடைக்கும். உள்ளே இருக்கும் நுரை குழாயின் சுவர் உள்பக்கம் மடியாமல் தடுப்பதால் மடிப்புகள் சிறிதாகி எண்ணிக்கை கூடும். நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி விரிவான சோதனைகள் நடந்திருக்கின்றன. குழாயோடு நுரை ஒட்டப்பட்டிருக்கிறதா, அடர்த்தி கூடிவிட்டதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நுரை அளவுக்கு மீறிக் கெட்டியானால் குழாய் கிழிந்துவிடும்.

படி 8: விழுத்திப் பார்ப்பது

கணக்கு சரியாக வந்தாலும் ஒரு முறையாவது உண்மையான எடையை, உண்மையான உயரத்திலிருந்து, வழிகாட்டித் தண்டுகள் உள்ள கோபுரத்தில் விழுத்த வேண்டும். எடை ஒருமுறை மோதிய பிறகு மறுபடி மோதாமல் தடுக்கும் கொக்கி இருக்கட்டும். விசையை நுரைக்குக் கீழே வைத்த லோட் செல்லால் எடுங்கள். விழும் எடையில் பொருத்திய முடுக்கமானி அந்த எடையின் சொந்த அதிர்வையும் சேர்த்துப் பதிவு செய்யும். வடிகட்டாத பதிவில் ஊசி ஊசியாக உச்சங்கள் தெரியும். அவற்றைப் பார்த்து நுரை தோற்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அதேபோல், அழகாகத் தெரிய வேண்டும் என்று அளவுக்கு மீறி வடிகட்டி உண்மையான உச்சத்தை மறைத்துவிடவும் கூடாது.

அதன் பிறகு வெர்னியரை எடுங்கள். நசுங்கிய கட்டியின் உயரத்தை நான்கு மூலையிலும் நடுவிலும் அளக்க வேண்டும். 100 மி.மீ. கட்டி 48 அருகில் நின்றால் கணக்கும் நுரையும் ஒத்துப்போகின்றன. ஒரு மூலை 60, எதிர் மூலை 38 என்று வந்தால் எடை சாய்ந்து விழுந்திருக்கிறது. தாழ்ந்த மூலை இறுகும் கட்டத்தைத் தொட்டிருக்கும், அங்கேதான் விசைப் பதிவின் கடைசி ஏற்றமும் வந்திருக்கும். முழுவதுமே 35க்குக் கீழே போயிருந்தால் அடர்த்தி எழுதிய சீட்டுக்குத் திரும்புங்கள், லேசான கட்டி ஒன்று கலந்திருக்கலாம். பிறகு ஒயர்கட்டில் கட்டியை நடுவே பிளந்து பாருங்கள். எந்த வரிசைகள் முழுதாக மடிந்தன, எவை இன்னும் உருண்டையாக இருக்கின்றன என்று எண்ணிவிடலாம். அந்தக் கட்டி எவ்வளவு முழுதாகத் தெரிந்தாலும் அதை மறுபடி பொருத்த வேண்டாம்.